நோய்க்குறியியல் என்னும் பிழை

பாதாலஜி என்னும் துறைக்குத் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் புழங்குகின்றன. தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் அது 'நோய்க்குறியியல்'. வேறு சில நூல்களில் 'நோயியல்'. சித்த மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தால், ஏறத்தாழ அதே இடத்தில் 'நோய் நாடல்' என்ற பெயரில் ஒரு துறை இருக்கும். இம்மூன்றில் அரசாணைகளிலும் பெயர்ப்பலகைகளிலும் இடம்பிடித்துவிட்ட முதற்சொல்லே பிழையான சொல் என்பது என் கட்சி.

குறி என்பது வெளியே தெரிவது. கண் மஞ்சளாவது குறி. கால் வீங்குவது குறி. பாதாலஜி குறிகளைப் பட்டியலிடும் துறை அன்று. குறிக்குப் பின்னால் உடலுக்குள் என்ன நடந்தது என்று கேட்கும் துறை அது. கண் மஞ்சளானதற்கு ஈரலின் செல்கள் மடிந்தது காரணமா, பித்தநாளம் அடைபட்டது காரணமா, சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதைந்தது காரணமா? குறி ஒன்று, நோய் மூன்று. குறியோடு நின்றுவிடுகிறவனுக்கு இந்த மூன்றும் ஒன்றாகவே தெரியும். ஆக, எந்தத் தவற்றைச் செய்யக்கூடாது என்று கற்பிக்க ஒரு துறை இருக்கிறதோ, அந்தத் தவற்றையே அத்துறையின் வாசற்பலகையில் எழுதி மாட்டியிருக்கிறோம். 'நோய் நாடல்' எவ்வளவோ மேல். நாடுதல் என்பதில் தேடல் இருக்கிறது. நோயின் முதலை நோக்கிய நடை இருக்கிறது. ஆனால் அது சித்த மருத்துவத்தின் சொல் என்று ஒதுக்கி, நவீன மருத்துவத்துக்கென்று ஒரு புதிய சொல்லைச் செய்தோம். செய்ததில் பொருள் தொலைந்தது.

ஒரு சொல் சற்றுப் பிசகினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குத் திருவண்ணாமலையிலிருந்தே ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறேன்.

1949-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரமண மகரிஷியின் இடது கையில், முழங்கைக்கு அருகே எழுந்த ஒரு சிறு கட்டி ஆசிரமத்திலேயே அறுத்து எடுக்கப்பட்டது. சாதாரணக் கட்டி என்றே எல்லோரும் எண்ணினர். அது மீண்டும் வளர்ந்தது. அந்தத் திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது அது 'சார்கோமா' என்று தெரிந்தது. ரேடியம் சிகிச்சை நடந்தது. அந்த ஓராண்டுக்குள் நான்கு முறை அறுவை நடந்தது. கையைத் துண்டித்துவிடலாம் என்ற யோசனை வந்தபோது அவர் அதை ஏற்கவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார்.

மருத்துவம் அறியாதவர்கள் இன்று இதைச் சொல்லும்போது பெரும்பாலும் 'புற்றுநோய்' என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். தவறில்லை, ஆனால் போதாது. தோல், குடல், மார்பகச் சுரப்பி போன்றவற்றின் மேற்பரப்பு அல்லது உட்பரப்புச் செல்களில் பிறப்பது கார்சினோமா. தசை, எலும்பு, கொழுப்பு, நரம்புறை போன்ற தாங்கும் திசுக்களில் பிறப்பது சார்கோமா. முன்னது பெரும்பாலும் முதலில் நிணநீர்க் கணுக்களை நாடும். பின்னது பெரும்பாலும் இரத்த வழியாக நுரையீரலுக்குப் போகும். எங்கே அடுத்துத் தேட வேண்டும், எவ்வளவு அகலமாக வெட்ட வேண்டும், எது திரும்ப வரும் என்பதெல்லாம் இந்த வேறுபாட்டில் தொங்குகின்றன. கட்டியை எடுத்தாயிற்று என்று நம்பியிருக்கும்போது அது அதே இடத்தில் மீண்டும் முளைத்ததன் பொருள் அந்தச் சொல்லுக்குள் இருந்தது. கிரேக்கத்தில் 'சார்க்ஸ்' என்றால் சதை. 'கார்க்கினோஸ்' என்றால் நண்டு. தமிழில் இரண்டுக்கும் சேர்த்து நாம் வைத்திருப்பது கறையான் புற்று. புண்ணாகி வெளியே பிதுங்கி நிற்கும் கட்டியைக் கண்டவன் வைத்த பெயர் அது. கண்ணால் கண்டதற்கு நேர்மையான பெயர். ஆனால் எலும்பு மச்சையிலும் ஓடும் இரத்தத்திலும் தோன்றுகிற நோயையும் 'இரத்தப் புற்று' என்று அதே புற்றுக்குள் அடைத்தபோது, புற்று வெறும் அச்சமாக எஞ்சியது.

சொல் பிசகுவதால் வரும் கேட்டுக்கு இன்னொரு சான்று என் வீட்டிலேயே உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவரின் பரிசோதனை அறிக்கையை எங்கள் பெரியப்பா வாங்கி வந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ஆங்கிலச் செய்தித்தாள் படிப்பவர். அறிக்கையின் கடைசி வரியில் 'ப்ராக்ரசிவ் டிஸீஸ்' என்றிருந்தது. 'ப்ராக்ரஸ் இருக்கிறது, தேறி வருகிறான்' என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். நோய் முற்றிக்கொண்டு போகிறது என்பதுதான் அதன் பொருள். அதை விளக்க மறுநாள் காலை வரை யாரும் கிடைக்கவில்லை. அந்த ஓரிரவு எங்கள் வீட்டில் இருந்த மகிழ்ச்சியை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. 'முற்றும் நோய்' என்று இரண்டு சொற்கள் தமிழில் இருந்திருந்தால் எழுத்தறியாத பாட்டிக்கும் அது விளங்கியிருக்கும். அந்த வரி நோயாளிக்காக எழுதப்பட்டதன்று, மருத்துவருக்காக எழுதப்பட்டது என்பார்கள். சரி. ஆனால் தாளை நோயாளியின் கையில்தானே கொடுக்கிறார்கள்? அவர் உடம்பைப் பற்றி அவர் காசில் எழுதப்பட்ட வரி அது.

இனி, இந்த விவாதத்தில் வழக்கமாக எழும் மூன்று கட்சிகளைப் பார்ப்போம். மூன்றோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

முதற்கட்சி, 'மருத்துவம் ஆங்கிலத்தில்தான் முடியும்' என்பது. இவர்களுக்கு வரலாறு தெரியாது. சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860-களில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். உடற்கூற்றுக்கு 'அங்காதிபாதம்', உடலியங்கியலுக்கு 'மனுஷ சுகரணம்', அறுவை மருத்துவத்துக்கு 'இரண வைத்தியம்', வேதியியலுக்கு 'கெமிஸ்தம்' என்று ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழாக்கினார். மாணவர்களையும் அதில் ஈடுபடுத்தினார். நாடு திரும்பிய பிறகும் அந்தப் பணியை விடவில்லை. 1884-இல் இறந்தபோது, தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்ற அடையாளமே கல்லறையில் பொறிக்கப்படவேண்டும் என்ற அவரது விருப்பம் நிறைவேறியது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் அந்நியரால் முடிந்ததைத் தமிழால் முடியாது என்று தமிழர்கள் சொல்வது விசித்திரம். ஹைதராபாத்தின் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் 1948 வரை மருத்துவம் உருதுவில் கற்பிக்கப்பட்டதையும் இவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். அங்கே முதலில் ஒரு மொழிபெயர்ப்புக் கூடத்தை நிறுவினார்கள். அதன் பிறகே வகுப்பறையைத் திறந்தார்கள்.

இரண்டாம் கட்சி, சொற்பட்டியல் கட்சி. 1916-இல் சேலத்தில் ராஜாஜி முதலியோர் கலைச்சொல் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து நாம் பட்டியல் போட்டுக்கொண்டேயிருக்கிறோம். உழைப்பைக் குறை சொல்லவில்லை. காவல்துறையில் பணியாற்றிக்கொண்டே சாம்பசிவம் பிள்ளை தொகுத்த சித்த மருத்துவப் பேரகராதியும், மணவை முஸ்தபா தனி மனிதராக நின்று தொகுத்த மருத்துவக் களஞ்சிய அகராதியும் வணங்கத்தக்கவை. ஆனால் பட்டியல் மொழியாகிவிடாது. ஒரு சொல் வாக்கியத்துக்குள் போய் உழைத்தால்தான் அதற்கு உயிர். பட்டியலில் ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே நான்கு தமிழ்ச் சொற்கள் காற்புள்ளியிட்டு நிற்கின்றன. செல்லுக்கு உயிரணு, கலம், கண்ணறை, திசுவுக்கு இழையம். ஈழத்து மாணவன் 'கலம்', 'இழையம்' என்று படித்தவன். தமிழகத்து மாணவன் 'செல்', 'திசு' என்று படித்தவன். இந்த இருவரும் ஒரே மொழியில் ஒரு நோயைப் பேசிக்கொள்ள இயலாத நிலையை எந்தப் பட்டியலும் இதுவரை தீர்க்கவில்லை.

மூன்றாம் கட்சி, எழுத்துப்பெயர்ப்புக் கட்சி. 2022 அக்டோபர் 16 அன்று போபாலில் எம்.பி.பி.எஸ். முதலாண்டுக்கான இந்திப் பாடநூல்கள் வெளியிடப்பட்டன. உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் என மூன்று நூல்கள். ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் அப்படியே தேவநாகரியில் எழுதப்பட்டிருந்தன. நகைத்தவர்கள் பலர். நான் முழுவதும் நகைக்கத் தயாரில்லை. அந்த முயற்சியில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் வினையும் விளக்கமும்கூட இரவலாகிவிட்டால் எஞ்சுவது மொழியன்று, எழுத்துரு மட்டுமே.

அப்படியானால் என் தீர்வு என்ன? அதைச் சொல்லும் முன் இலக்கிய வாசகர்களிடம் ஒரு கேள்வி. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் சிற்றிதழ்கள் என்ன செய்தன? தமிழவன் 1982-இல் தம் நூலுக்கு 'ஸ்ட்ரக்சுரலிசம்' என்றே பெயரிட்டார். இன்று நாம் 'அமைப்பியல்' என்று தயங்காமல் எழுதுகிறோம். 'படிமம்', 'தொன்மம்', 'இருத்தலியல்', 'கட்டுடைப்பு' ஆகியவற்றைப் பட்டியல் போட்டு எந்தக் குழுவும் நமக்குக் கட்டளையிடவில்லை. எழுதினோம், சண்டையிட்டோம், ஒரு சொல்லை ஒருவர் கேலி செய்தார், இன்னொருவர் மாற்றினார், எஞ்சியது நின்றது. முந்நூறு பிரதி அச்சிட்ட இதழ்கள் பாரிஸ் நகரத்துச் சிந்தனைக்கே தமிழ்ச் சொல் கண்டன. ஆனால் அதே இதழ்களின் வாசகர்களாகிய நாம், நம் ஈரலுக்குள் நடப்பதைத் தமிழில் எழுத ஒரு கட்டுரைகூட முயலவில்லை. ஆசிரியனின் மரணத்தைப் பற்றி அத்தனை பக்கங்கள் எழுதிய நமக்கு, செல்லின் மரணத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதத் தோன்றவில்லை.

செல்லின் மரணத்தையே எடுத்துக்கொள்வோம். பாதாலஜி மாணவன் முதலில் கற்கவேண்டிய வேறுபாடுகளில் இது ஒன்று. செல் இரண்டு வகையாகச் சாகலாம். இரத்தம் கிடைக்காமலோ நஞ்சாலோ தாக்குண்டு, வீங்கி, வெடித்து, சுற்றத்தையும் அழற்சியில் தள்ளிச் சாவது ஒரு வகை. இது 'நெக்ரோசிஸ்'. தன் முறை வந்ததும் சுருங்கி, சிறு துண்டுகளாகி, அண்டை செல்களால் அரவமில்லாமல் உண்ணப்பட்டு மறைவது இன்னொரு வகை. கருவிலிருக்கும் குழந்தையின் விரல்களுக்கிடையே உள்ள சவ்வு மறைந்து விரல்கள் பிரிவது இதனால்தான். 1972-இல் கெர், வில்லி, கரி என்ற மூவர் இதற்கு 'அபோப்டோசிஸ்' என்று பெயரிட்டார்கள். பெயரைத் தந்தவர் அபெர்டீன் பல்கலைக்கழகத்துக் கிரேக்கப் பேராசிரியர். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது.

கவனியுங்கள்: தங்களுக்குச் சொல் வேண்டியபோது நோயியலாளர்கள் ஒரு மொழிப் பேராசிரியரிடம் போனார்கள். அவர் தம் மொழியின் மரத்தடிக்குப் போனார். நாமோ 'நிரற்படுத்தப்பட்ட உயிரணு இறப்பு' என்று ஒரு சரக்கு ரயிலை ஓட்டுகிறோம்; அல்லது 'செல் தற்கொலை' என்று பரபரப்புச் செய்தியாக்குகிறோம். 'உதிர்வு' என்ற சொல் நம் முற்றத்திலேயே கிடக்கிறது. நெக்ரோசிஸ் 'மடிவு', அபோப்டோசிஸ் 'உதிர்வு'. மடிவதற்கும் உதிர்வதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழறிந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. போரில் மடிகிறார்கள், பருவத்தில் உதிர்கிறது.

இன்னொன்று. இரத்தக் குழாயில் உறைந்து அங்கேயே நிற்கும் கட்டி ஒன்று. அதிலிருந்து பெயர்ந்து இரத்தத்தோடு ஓடி வேறோர் இடத்தில் போய்ச் சிக்கிக்கொள்வது இன்னொன்று. 'த்ராம்போசிஸ்', 'எம்போலிசம்' என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இவற்றைப் பிரித்துப் பெயரிட்டவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ. அந்தப் பெயரீட்டில் ஒரு கண்டுபிடிப்பே அடங்கியிருந்தது: நுரையீரலில் சிக்கிய கட்டி காலில் பிறந்ததாக இருக்கலாம். நம் செய்தித்தாள்கள் இரண்டையும் 'இரத்தம் உறைந்தது' என்று எழுதுகின்றன. விர்ஷோ அரும்பாடுபட்டுப் பிரித்ததை நாம் ஒரே வரியில் மறுபடி ஒட்டிவிட்டோம். 'உறைகட்டி' என்றும் 'ஓடுகட்டி' என்றும் சொல்லிப் பாருங்கள். ஒன்று நிற்கிறது, ஒன்று ஓடுகிறது. இதைவிடச் சிறந்த சொற்களை யாரேனும் தந்தால் மகிழ்ச்சியோடு என்னுடையவற்றைக் கைவிடுவேன். வேறுபாட்டைக் கைவிட மாட்டேன்.

இதிலிருந்து என் விதி. நிகழ்வைக் குறிக்கும் சொற்களைத் தமிழில் ஆக்குவோம். இனத்தின் பெயர்களை இரவல் வாங்குவோம். வீங்குதல், உறைதல், மடிதல், உதிர்தல், தழும்பாதல், சுருங்குதல், பரவுதல் இவையெல்லாம் உடலின் வினைகள். வினைக்குத் தமிழில் என்றும் பஞ்சமில்லை. சார்கோமா, கார்சினோமா, லிம்ஃபோமா என்பவை பெயர்கள். ஊர்ப்பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. வேற்றுமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்துக்கு இசைய ஏற்கலாம் என்ற இசைவைத் தொல்காப்பியமே தந்திருக்கிறது. கிறீனும் இதைத்தான் செய்தார்: 'இரணம்' மக்கள் வாயிலிருந்து வந்தது, 'கெமிஸ்தம்' ஆங்கிலத்துக்குத் தமிழ் விகுதி சூட்டியது. அவருடைய சமஸ்கிருத மிகுதி நமக்கு இன்று கனக்கலாம். ஆனால் எந்தச் சொல்லும் எங்கிருந்து வந்தது என்பதைவிட வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்த அவருடைய கண் நமக்கு வேண்டும்.

'தமிழில் படித்தவன் வெளிநாட்டுக்கு எப்படிப் போவான்?' என்ற கேள்வி வரும். மருத்துவக் கல்லூரியை நாளையே தமிழுக்கு மாற்று என்று நான் கேட்கவில்லை. ஆங்கிலம் இருக்கட்டும், உலகின் ஆய்விதழ்கள் அதில்தான் வருகின்றன. ஆனால் ஆங்கிலத்தில் படிப்பது வேறு, ஆங்கிலத்தில் மட்டும் புரிந்துகொள்வது வேறு. 2013-இல் திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2020-இல் தமிழக அரசு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைச் சட்டமாக்கியது. செங்கத்திலிருந்தும் ஜவ்வாது மலையிலிருந்தும் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்த பிள்ளைகள் இனி மருத்துவ வகுப்பறைகளுக்கு வருவார்கள். இடத்தைக் கொடுத்தோம், படியைக் கொடுத்தோமா? இரண்டாமாண்டில் பாதாலஜிப் பாடநூலின் ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களை மேசைமேல் வைக்கும்போது அந்தப் பெண் என்ன செய்வாள்? மனப்பாடம் செய்வாள். மனப்பாடத்தில் தேர்ச்சி பெறலாம், நாடல் வராது. தாய்மொழியில் ஒரு நல்ல துணைநூல் இருந்தால், ஆங்கிலப் பக்கத்தில் பார்த்ததைத் தன் ஊர்ச்சொல்லோடு ஒட்டவைத்துப் புரிந்துகொள்வாள். பிறகு அவளே மருத்துவராகி, எதிரே அமர்ந்திருக்கும் விவசாயிக்கு, 'அய்யா, கட்டி அங்கேயே நிற்கிறது, ஓடவில்லை' என்று சொல்ல முடியும். பாடநூல் என்பது இரண்டு பேருக்குப் பயன்படும் நூல்: ஒருவர் படிப்பவர், மற்றவர் பல ஆண்டுகள் கழித்து அந்தப் படிப்பின் எதிரே உட்காரப்போகிறவர்.

ஆகவே இன்னொரு அகராதி வேண்டாம். நோயியல் பேராசிரியர் ஒருவரும் தமிழறிந்த எழுத்தாளர் ஒருவரும் சேர்ந்து அமர்ந்து, அழற்சியைப் பற்றி முப்பது பக்கம் எழுதட்டும். அடுத்து செல் மரணம். அடுத்து உறைகட்டி. எழுதியதை மாணவர்களிடம் கொடுத்து, எந்த வரியில் தடுக்கினார்கள் என்று கேட்டுத் திருத்தட்டும். பரிசோதனைக் கூடங்கள் அறிக்கையின் கடைசியில், முடிவைத் தமிழில் இரண்டே வரியில் எழுத வேண்டும் என்று அரசு விதி செய்யட்டும். இவை எதற்கும் பெரிய நிதி வேண்டாம். துறையின் வாசற்பலகையில் உள்ள 'குறி'யை எடுக்க ஒரு சுத்தியல் போதும்.

'அழற்சி' என்ற சொல்லைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் நூற்றாண்டில் செல்சஸ் என்ற ரோமானியர் சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி என்று அதற்கு நான்கு அடையாளம் சொன்னார். லத்தீனத்தில் அது தீப்பற்றுதல். தமிழிலும் அழல் என்றால் தீ. யாரோ ஒரு முகமறியாத மொழிபெயர்ப்பாளர் இரண்டு மொழிகளின் அடியிலும் ஒரே நெருப்பு எரிவதைக் கண்டு அந்தச் சொல்லை எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இன்று பள்ளிப்பிள்ளைகூட அதைப் பயன்படுத்துகிறது. அது கலைச்சொல் என்பதையே மறந்துவிட்டோம். ஒரு சொல்லுக்கு இதைவிடப் பெரிய வெற்றி இல்லை. நெருப்பையே லிங்கமாக வழிபடும் ஊரில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மாணவிக்கு அழலும் அழற்சியும் ஒரே வேர் என்று சொல்லித்தர ஒரு பக்கத் தமிழ்கூட இல்லை என்றால், அந்த வெட்கம் மருத்துவர்களுடையது மட்டுமன்று. எழுதத் தெரிந்தும் எழுதாமலிருக்கும் நம்முடையதும்தான்.